விருந்தாளிக்காக உறைந்த மாவு

எங்கள் அலுவலக ஸ்டோர்கீப்பர் அக்காவிடம் பேனா வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். அலமாரி வழிந்தாலும் கொடுக்க மனசு வராது.

வீட்டிலும் அதே லட்சணம்தான். ஞாயிறுதோறும் பிஸ்கட் மாவு பிசைந்து, பொட்டலம் கட்டி, தேதி எழுதி ஃப்ரீசரில் அடுக்குவார். சுடுவது மட்டும் கிடையாது. வந்தவர்களுக்கெல்லாம் கடை பிஸ்கட். "நல்ல விருந்தாளி வரட்டும், சுடலாம்" என்பார். இதுவரை ஒருத்தரும் தேறவில்லை.

போன வாரம் அக்காவின் கணவர் வழுக்கி விழுந்து கணுக்கால் வீங்கிவிட்டது. ஃப்ரீசரில் ஐஸுக்கு ஏது இடம்? அக்கா தைலம் தடவி, மாவுப் பொட்டலம் ஒன்றை வைத்துக் கட்டினார். வீக்கம் வடிந்ததும் பொட்டலம் பழைய இடத்துக்கே போனது.

நேற்று நாத்தனார் வந்தார். அதிசயமாக ஓவன் சூடானது. பிரித்துப் போட்ட பொட்டலத்தின் தேதியைக் கணவர் பார்த்தார். அவர் காலில் கிடந்த அதே பொட்டலம்.

"உங்களுக்குன்னே எடுத்து வெச்சது, அண்ணி" என்று தட்டை நீட்டினார் ஸ்டோர்கீப்பர் அக்கா.

நாத்தனார் நாலு பிஸ்கட்டை உள்ளே தள்ளினார். "என்னமோ தனி வாசனை! தம்பி, நீயும் எடுத்துக்கடா."

தம்பி காலை மெல்ல உள்ளே இழுத்துக்கொண்டார்.

"வேணாம்க்கா. என் பங்கு போன வாரமே வந்துடுச்சு."