பாகு உருண்டை

பாகூரில் என் மகளின் காதுகுத்துக்கு, கரும்பாலையில் வெல்லம் காய்ச்சுகிறவர் வந்திருந்தார். புகையேறிய கறுத்த முகம், பளீரென்ற பல்வரிசை. கொதிக்கிற பாகைத் தொட்டு நக்கியே பதம் சொல்லிவிடுவார். சுற்றி நின்ற பிள்ளைகளுக்கெல்லாம் பாகு உருண்டை கொடுத்தார். ஊரே ‘முசே’ என்று மரியாதையாகக் கூப்பிடும் பிரெஞ்சுப் பள்ளி வாத்தியார் மட்டும் தன் மகளின் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். குழந்தையின் கண் கலங்கியது.

“வேணாம்பா, பல்லு சொத்தையாயிடும்,” என்றார் வாத்தியார்.

“இன்னா முசே, நாள் பூரா நக்கறவன் நானு. எம் பல்லப் பாருங்க!” என்று அண்ணாந்து வாயைத் திறந்தார்.

பந்தலே சிரித்தது. வாத்தியாரின் மனைவி எழுந்து வந்து, “ஒரு நாளு தின்னட்டும், வுடுங்க,” என்று உருண்டையை வாங்கி மகள் வாயில் போட்டாள். அந்தச் சின்ன முகத்தில் பொழுது விடிந்தது! வழிந்த பாகைத் துடைக்கப் போன வாத்தியார், தன் விரலையே நக்கிக்கொண்டார்.

வென்றவரோ திரும்பிக்கூடப் பார்க்காமல் அடுத்த பிள்ளையிடம் போய்க்கொண்டிருந்தார். ஜெயித்ததை நின்று ரசிக்காமல் போக அவரால் எப்படி முடிந்தது?