அமைச்சரவை மாறும்போதெல்லாம் ஒரு கடிதம்

அரசியலில் எனக்கு ஆர்வம் உண்டு என்று சொன்னால் என் கணவர் சிரிப்பார். பிரசாரம், கூட்டணி, யார் ஜெயித்தார்கள் என்பதெல்லாம் எனக்கு இரண்டாம்பட்சம்தான். ஜெயித்த பிறகு யாருக்கு என்ன இலாகா என்று ஒரு பட்டியல் வருமே, அதுதான் எனக்குப் பிடித்த பகுதி. மதுரையில் இருந்தபோது அதைச் செய்தித்தாளில் விரல் வைத்துப் படிப்பேன். லண்டனுக்கு வந்த பிறகும் புத்தி மாறவில்லை. பிரதமர் வீட்டுக் கறுப்புக் கதவுக்குள் யார் போகிறார்கள், வெளியே வரும்போது யார் முகம் எப்படி இருக்கிறது என்று ஆபீஸ் மீட்டிங்குக்கு நடுவே கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

இந்தக் கிறுக்கு எங்கள் மாடிவீட்டுக்காரருக்குத் தெரிந்துவிட்டது. லண்டனின் சட்டன் பகுதியில் எங்கள் ஃப்ளாட்டுக்கு நேர் மேலே குடியிருக்கிறார். யாழ்ப்பாணத்துக்காரர், ஆஸ்பத்திரியில் போர்ட்டர் வேலை. இலங்கையில் ஒரு ஜனாதிபதி போய் இன்னொருவர் வந்து, புது அமைச்சர்கள் பதவியேற்ற வாரத்தில் கதவைத் தட்டினார்.

“தங்கச்சி, உங்களுக்கு அமைச்சுகளைப் பற்றி நல்லாத் தெரியும் எண்டு உங்கட அவர் சொன்னவர். எனக்கொரு கடிதம் இங்கிலீசில எழுதவேணும்.”

விஷயம் இதுதான். யாழ்ப்பாணத்தில் அவருடைய அக்காவுக்குச் சொந்த வீடு இருக்கிறது. சண்டைக் காலத்தில் ஓர் அரசுத் துறை, அங்கே திணைக்களம் என்பார்கள், அதில் அலுவலகம் போட்டது. சண்டை முடிந்து எவ்வளவோ காலமாகியும் காலி செய்யவில்லை. அக்கா இரண்டு தெரு தள்ளி வாடகைக்கு இருக்கிறார். பிள்ளை குட்டி இல்லை. சாவதற்கு முன்னால் தன் வீட்டில் கொஞ்ச காலம் குடியிருக்க வேண்டும், அவ்வளவுதான் கேட்கிறார்.

“தமிழ்லயே எழுதலாமே அண்ணா?”

“எழுதலாம், சட்டத்தில இடமிருக்கு. ஆனா தமிழெண்டா மொழிபெயர்க்க இன்னொரு மேசைக்குப் போகும். இங்கிலீசெண்டா ஒரு மேசை மிச்சம்.”

அவரிடம் இன்னொரு கணக்கும் இருந்தது. புது அமைச்சரின் மேசையில் முதல் வாரம் ஃபைல்கள் குறைவாக இருக்குமாம். அப்போது போய்ச் சேருகிற கடிதம் அடியில் போய் மாட்டிக்கொள்ளாதாம்.

ஆனால் எந்த அமைச்சருக்கு எழுதுவது? அங்கே ஜனாதிபதி ஆட்களை நியமிப்பதோடு வேலை முடிவதில்லை. எந்த அமைச்சு எதைப் பார்க்கும், எந்தத் திணைக்களம் யாருக்குக் கீழே என்று தனியாக ஓர் அரசிதழ் வெளியிடுவார்கள். வர்த்தமானி என்பார் மாடிவீட்டு அண்ணை. கட்டம் கட்டமாகப் பக்கக்கணக்கில் நீளும். கூட்டுக் குடும்பம் பிரியும்போது பாத்திரம் பண்டம் பங்கிடுகிற மாதிரிதான். போன அரசில் ஓர் அமைச்சிடம் இருந்தது, இந்த அரசில் சம்பந்தமே இல்லாத இன்னொன்றிடம் இருக்கும். ஒரு சனிக்கிழமை முழுக்கத் தேடி அக்கா வீட்டில் குந்தியிருக்கும் திணைக்களத்தைக் கண்டுபிடித்தபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. கடிதம் போயிற்று. பெற்றுக்கொண்டோம், உரிய கவனம் செலுத்தப்படும் என்று ஒரு வரிப் பதில் வந்தது.

பிறகு அங்கே தேர்தல் நடந்து இன்னொரு ஜனாதிபதி வந்தார். அவர் அமைத்த முதல் அமைச்சரவையைப் பார்த்து நான் அசந்துபோனேன். மொத்தம் மூன்றே பேர், அவரையும் சேர்த்து! அமைச்சராக வேண்டுமானால் நாடாளுமன்றத்தில் இருக்க வேண்டும், அவர் கட்சிக்கோ அங்கே விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்கள்தான். எனவே எல்லா அமைச்சுகளையும் மூன்று பேரே பிரித்துக்கொண்டார்கள். ஒருவரே காலையில் ஒரு நாற்காலியிலும் மத்தியானம் இன்னொன்றிலும் உட்காருவாரா, எல்லாவற்றுக்கும் ஒரே மேசைதானா என்று நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். அண்ணை பொறுமையாகச் சிரித்தார். இரண்டாவது கடிதம் அந்த மூவரில் ஒருவருக்குப் போயிற்று.

அடுத்து நாடாளுமன்றத் தேர்தல் வந்தது. புதுக் கூட்டம் உள்ளே வந்து பெரிய அமைச்சரவை பதவியேற்றது. நம் திணைக்களம் மறுபடி இடம் மாறி, மூன்று வரிக்குப் பெயர் கொண்ட ஓர் அமைச்சுக்குள் போய்விட்டது. அந்தப் பெயரில் காற்புள்ளி எங்கே வருகிறது என்றுகூடச் சரிபார்த்து அடித்தேன். என் கணினியில் கடிதம் அப்படியேதான் இருந்தது. விலாசமும் வாழ்த்துச் சொல்லும் முதல் வாக்கியமும்தான் ஒவ்வொரு முறையும் மாறும். இந்த இரண்டுக்கும் பதில் வரவில்லை.

அதற்கடுத்த வருடம் ஜனாதிபதி அமைச்சரவையைக் கலைத்துப் போட்டார். முழுக்க இல்லை, சிலரை இங்கிருந்து அங்கே மாற்றினார், சிலரிடமிருந்து பாதியைப் பிடுங்கி வேறு ஆளிடம் கொடுத்தார். மத்தியானச் சாப்பாட்டை மறந்து பட்டியலைப் பிரித்துப் பார்த்தேன். நம் திணைக்களம் அதே அமைச்சில், அதே அமைச்சரிடம் இருந்தது. உண்மையைச் சொன்னால் எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

சாயங்காலம் அண்ணை வந்தார்.

“இந்தத் தடவை வேலையே இல்லண்ணா,” என்றேன். “நம்ம அமைச்சர் மாறல.”

“ஓம், தெரியும். அமைச்சர் மாறேல்லை. அக்கான்ர வயசுதான் மாறியிட்டுது.”

கையோடு கொண்டுவந்திருந்த மூன்று கடிதங்களின் பிரதிகளையும் மேஜையில் விரித்தார். மூன்றிலும் அதே இடத்தில் அறுபத்தெட்டு வயதான என் அக்கா என்று இருந்தது.

“அக்காவுக்கும் கொப்பி அனுப்பிறனான். நேற்றுத்தான் எல்லாத்தையும் ஒண்டா வைச்சுப் பாத்தவவாம். ‘லண்டனில என்னை நல்லா இளமையா வைச்சிருக்கிறியள்’ எண்டு ஒரே சிரிப்பு.”

சொல்லிவிட்டு அவரும் சிரித்தார். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அமைச்சின் பெயரில் காற்புள்ளியைத் தேடியவள் நான். ஒரு மனுஷிக்கு வாடகை வீட்டில் வருஷங்கள் போய்க்கொண்டிருந்தது கண்ணில் படவில்லை. அடுத்த பட்டியல் எப்போது வரும் என்று காத்திருந்தேன், அவ்வளவு சுவாரசியமாக.

“இப்ப எழுபத்தொண்டு,” என்றார். பிறகு தயங்கித் தயங்கி, “தங்கச்சி, ஒண்டு செய்வமே? அமைச்சரின்ர பேருக்கும் அக்கான்ர வயசுக்கும் இடம் விட்டு ஒரு பத்துக் கொப்பி அடிச்சுத் தாங்கோ. உங்களை ஏன் ஒவ்வொருக்காலும் கரைச்சல்படுத்துவான்? நான் பேனையால நிரப்புறன்.”

குத்திக்காட்டவில்லை அவர். என் வேலையைக் குறைக்கத்தான் கேட்டார். பத்து அமைச்சர்கள். அதற்குள் அக்காவுக்கு என்ன வயதாகியிருக்கும் என்று நினைத்தபோது எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது.

“ஏலாது,” என்றேன், அவர் பேசுகிற மாதிரியே.

அமைச்சர் பெயரைத் தொடாமல், அறுபத்தெட்டை அழித்து எழுபத்தொன்று என்று அடித்தேன். ஒரே ஒரு பிரதியை அச்சிட்டு அவர் முன்னால் வைத்தேன்.

கையெழுத்துப் போட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தார். “ஒண்டு காணுமே?”

“ஒன்னு போதும்ணா,” என்றேன்.