காலியாகாத இடது இருக்கை

விமானிகளின் ஓய்வு வயது அறுபத்தைந்திலிருந்து அறுபத்தேழாக உயர்ந்த அன்று, கேப்டன் வீட்டில் யாருக்கும் சந்தோஷப்படுவதா வேண்டாமா என்று தெரியவில்லை.

கேப்டனின் மகளும் விமானம் ஓட்டப் படித்தவள். உரிமம் கையில் இருக்கிறது, வேலை இல்லை. கேப்டன்கள் ஓய்வு பெற்றால்தான் துணை விமானிகள் இடது இருக்கைக்கு நகர்வார்கள். அவர்கள் நகர்ந்தால்தான் புதியவர்களுக்கு வலது இருக்கை. அதுவரை அவள் விமான நிலைய கவுன்டரில் பயணிகளின் பெட்டிகளை எடை போடுகிறாள். அவளுடைய படிப்புக் கடனோ அப்பாவின் சம்பளத்தில்தான் அடைகிறது. அவர் இறங்கினால் தவணை நின்றுவிடும். இறங்காவிட்டால் வரிசை நகராது.

"வீட்டுக்குள்ளயே டிராஃபிக் ஜாம்" என்பாள் அம்மா.

அறுபத்தைந்தைத் தொட்டுவிட்ட கேப்டனுக்குப் பணி நீட்டிப்புக்கு முன் சிமுலேட்டர் தேர்வு. விமானி அறையை அப்படியே பெயர்த்து வைத்தது போன்ற ஒரு பெரிய பெட்டி அது. பரிசோதகர் ஒரு காலத்தில் கேப்டனிடம் துணை விமானியாக இருந்தவர். 'புறப்பட்ட' சற்று நேரத்தில் எஞ்சினில் தீ என்று சிவப்பு விளக்கு எரிந்தது. இதற்கென்று ஒரு முறை இருக்கிறது. அணைக்க வேண்டிய எஞ்சினின் விசையில் கை வைத்து, எது என்று உரக்கச் சொல்லி, பக்கத்து இருக்கைக்காரர் "சரி" என்ற பிறகே இழுக்க வேண்டும். பதற்றத்தில் நல்ல எஞ்சினை அணைத்துவிடக் கூடாதே!

கேப்டன் கை வைத்தார், சொன்னார், உடனே இழுத்துவிட்டார். சரியான விசைதான். "சரி" சொல்லப் பக்கத்து இருக்கைத் துணை விமானி திறந்த வாயை மூடிக்கொண்டார்.

"நீங்க பாஸ் சார்" என்றார் பரிசோதகர் வெளியே வந்ததும்.

"பக்கத்துல இருந்தவன் 'சரி' சொல்ற வரைக்கும் நான் வெயிட் பண்ணலையே" என்றார் கேப்டன்.

"சரியானதைத்தானே இழுத்தீங்க?"

"சின்னப் பையன் யாராவது இப்படி செஞ்சிருந்தா?"

பரிசோதகர் சிரித்தார். "போய்ட்டு மறுபடி வாடான்னு அனுப்பியிருப்பேன். பசங்க நிறைய இருக்காங்க சார். கேப்டனுக்குத்தான் பஞ்சம்."

வீட்டில் அவர் அதை மறைக்கவில்லை. மகள் சாப்பிடுவதை நிறுத்தினாள்.

"அப்ப பக்கத்துல ஒரு ஆள் எதுக்குப்பா? அழகு பார்க்கவா?"

"ஏய், மனுஷன் நொந்துபோய் வந்திருக்காரு" என்றாள் அம்மா. "பாஸ்னு அவங்களே சொல்லிட்டாங்க. இவர் இறங்கிட்டா உன் லோனை யாரு கட்டுவா?"

"லோனை நான் வாங்கினேன், நான் கட்டிக்கிறேன்."

"கிழிச்ச. உன் சம்பளம் பஸ்ஸுக்கே பத்தல."

கேப்டன் எழுந்து போய்ப் பரிசோதகரைப் போனில் கூப்பிட்டார்.

"ஃபெயில்னு போடுப்பா."

"சார், விளையாடாதீங்க. மறுபயிற்சிக்கு இப்ப இடமே கிடையாது. நீட்டிப்பு போயிடும்."

"தெரியும். போடு."

அம்மா இரண்டு நாள் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. மகளோ, அவர் வாசலைத் தாண்டும்போதெல்லாம் போனைப் பார்ப்பது போல் குனிந்துகொண்டாள்.

அடுத்த மாதம் அவர் இடத்துக்கு ஆள் வந்தது. துணை விமானிகள் யாரும் நகரவில்லை. அவர்களில் ஒருவருக்குப் பயிற்சி கொடுத்து கேப்டனாக்கும்வரை கம்பெனியால் காத்திருக்க முடியாதாம். வேறொரு நாட்டிலிருந்து ஒப்பந்தத்தில் ஒருவரை அழைத்துக்கொண்டார்கள்.

"அவருக்கு என்ன வயசு?" என்று கேட்டார் கேப்டன்.

"அறுபத்தாறுப்பா" என்றாள் மகள்.