சித்தி போகாத வீடு

அந்தத் தொலைபேசி அழைப்பை எடுத்துச் சித்தியிடம் கொடுத்தவள் நான்தான். மாத்தளைக்குப் பக்கத்தில் அலுவிகாரையில் சித்தி, சித்தப்பாவின் வாசனைச் சரக்குக் கடை. மதியச் சாப்பாடு முடிந்து, சித்தப்பா எதிரே உட்கார்ந்து கறுவாப்பட்டையைக் கட்டுக்கட்டாகக் கட்டிக்கொண்டிருந்தார். பேசியவர் நாவுலப் பக்கத்துக் கிராம சேவகர். "உங்கள் கணவர் இறந்துவிட்டார், வர வேண்டும்" என்று அவர் சிங்களத்தில் சொன்னது எனக்கும் கேட்டது. உயிரோடு எதிரில் இருந்த சித்தப்பாவையே சித்தி பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு போனை வைத்துவிட்டு, "அவரு போயிட்டாருங்க" என்றார்.

இறந்தவர் சித்தியின் முதல் கணவர், தோட்டத்தில் லொறி ஓட்டியவர். சித்தி தண்ணீர் எடுக்கப் போய் வந்தாலும் யாரைப் பார்த்துவிட்டு வருகிறாய் என்று அடிப்பார். வழக்குப் போட்டு, விவாகரத்துத் தீர்ப்பு வந்த கையோடு சித்தி சித்தப்பாவைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டார். முதல் கணவர் நாவுலப் பக்கம் குடிபோய்விட்டதாகக் கேள்விப்பட்டோமே தவிர, அந்த வீட்டுப் பக்கம் எங்களில் யாரும் போனதில்லை.

சித்தப்பா அதிர்ந்து பேசாத மனிதர். அவரோடு சித்தி நிம்மதியாகத்தான் இருந்தார். ஒரே ஒரு விஷயம்தான் எங்களுக்கு விளங்காது. விளக்கு வைக்கும் நேரமானால் சித்தி அடித்துப்போட்டதுபோல் தூங்கிவிடுவார். உலுக்கினாலும் எழும்ப மாட்டார். தினமும் சித்தப்பாதான் விளக்கேற்றுவார்.

"போகத்தான் வேணுமா?" என்றார் சித்தப்பா.

"அனாதையாக் கெடக்கக்கூடாதுங்க. போயிட்டு வந்துர்றேன்."

நானும் கூடப் போனேன். பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டை அடைந்ததும், பக்கத்து வீட்டு முஸ்லிம் அம்மா ஓடிவந்து சித்தியின் கையைப் பிடித்துக்கொண்டார். "வந்துட்டீங்களா? நேத்து அந்தி மஃரிப் தொழுகைக்குப் பொறகும் ஒங்கள கிணத்தடியில கண்டேனே. அதுக்குள்ள இப்பிடி ஆயிட்டுதே."

"இவங்க இங்க வந்ததே இல்லைங்க" என்றேன். துக்கத்தில் உளறுகிறாள் என்பதுபோல் அந்த அம்மா என் முதுகைத் தடவிக் கொடுத்தார். உள்ளே பிணத்தின் தலைமாட்டில் விளக்கு அணைந்திருந்தது. சித்தி எங்கும் தேடவில்லை, யாரையும் கேட்கவில்லை. கதவுக்கு மேலே இருந்த பலகையில் கையைவிட்டு நெருப்புப்பெட்டியை எடுத்தார். விளக்கை ஏற்றினார்.

இறந்தவரின் தம்பி சித்தியிடம் வந்து, "செய்ய வேண்டியதெல்லாம் நீங்கதான் செய்யணும் அண்ணி" என்றார்.

"எங்களுக்குத்தான் தீர்ப்பாயிருச்சே."

"அது மொதத் தீர்ப்புதான் அண்ணி. மூணு மாசம் கழிச்சு கோர்ட்ல அத முடிவாக்கியிருக்கணும். ரெண்டு பக்கமும் யாரும் போகல. கேஸ் முடியல, அவ இன்னும் எம் பொஞ்சாதிதான்னு அண்ணன் சொல்லிக்கிட்டே இருப்பாரு."

எல்லாம் முடிந்த பிறகு, சித்தப்பாவையும் கூட்டிக்கொண்டு மாத்தளையில் ஒரு வக்கீலைப் பார்த்தோம். தம்பி சொன்னது சரிதான் என்றார் அவர். இறுதித் தீர்ப்பு வருமுன் செய்த திருமணம் செல்லாது. இத்தனை காலமும் சட்டப்படி சித்தி நாவுலக்காரரின் மனைவி, இப்போது அவருடைய விதவை. இனி விரும்பினால் முறைப்படி பதிந்துகொள்ளலாம். சித்தப்பா தலையைக் குனிந்துகொண்டார். சித்தி ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "அப்ப இத்தன வருசமும் நான் எங்கங்க இருந்தேன்?" சட்டம் விளங்கவில்லை என்று நினைத்து வக்கீல் முதலிலிருந்து மறுபடி சொல்ல ஆரம்பித்தார்.

விரைவிலேயே இருவரும் மீண்டும் பதிந்துகொண்டார்கள். முந்திய நிலை என்னவென்று பதிவாளர் கேட்டபோது, சித்தப்பாவை அருகில் வைத்துக்கொண்டே சித்தி "விதவை" என்றார். அன்று சாயங்காலம் சித்தி தூங்கவில்லை. அதற்குப் பிறகும் அந்த நேரத்தில் அவர் தூங்கி நான் பார்த்ததில்லை.

அண்மையில் மாத்தளை பஸ் நிலையத்தில் அந்த முஸ்லிம் அம்மா என்னை அடையாளம் கண்டு நிறுத்தினார். "அம்மாவுக்குச் சுகமில்லையா மகள்? இப்ப அந்தப் பக்கம் காணவே கெடைக்கல்லையே."

சித்தியைத்தான் என் அம்மா என்று நினைத்திருந்தார். அவங்களுக்கு வேறு கல்யாணம் ஆகிவிட்டது என்று மட்டும் சொன்னேன்.

அவர் முக்காட்டைச் சரிசெய்தபடி சற்று யோசித்தார். "அப்ப சரிதான். இனி அவங்களுக்கு அங்க வர ஏலாதானே" என்று சொல்லிவிட்டு நாவுல பஸ்ஸில் ஏறிக்கொண்டார்.