ரேஸ்காரங்களுக்குப் பனியன் தைக்கறேனுங்க

கார் ரேஸ் ஓட்டறவங்க மேலே போடற டிரஸ்ஸை எல்லாரும் பாத்திருப்பீங்க. அதுக்குள்ளே, நெருப்பு பட்டா உருகாத நூல்ல ஒரு முழுக்கை பனியனும் பேண்ட்டும் போடுவாங்க. அதைத் தைச்சுக் கொடுக்கறதுதான் திருப்பூர்ல என் பொழப்பு. டேப்பைக் கழுத்துல போட்டுக்கிட்டு, அளவெடுத்து, ஆல்ட்டரேஷன் பண்ணியே அரை உசிராப் போன என் கூட்டாளிகளே, உங்களுக்கு நான் கஷ்டத்தை விளக்க வேண்டியதில்லை. ஆனா எங்கே போனாலும் என்கிட்ட ஒரே கேள்விதான். "பெரிய டிரைவர்னா யாருங்கக்கா?" நானென்ன ஹெல்மெட்டோடவா பாக்கறேன்? டேப்போட பாக்கறவ.

மூச்சை அடக்கினவர்

ஸ்பின்னிங் மில்லுக்காரர் ஒருத்தர், சொந்தக் காசுல கார் வாங்கி ஓட்டறவர். இடுப்புல டேப்பைச் சுத்தினா வயித்தை எக்கிக்கிட்டு மூச்சு விடாம நிப்பார். "மூச்சு விடுங்க சார்"னேன். "இதுதானுங்க என் சைஸு"ன்னார். உடம்போட ஒட்டினாத்தான் வேகம் வருமாம். மேலே போடற ஓவராலுக்குள்ளே கெடக்கற பனியனைக் காத்து எங்கிருந்து வந்து தடுக்கும்? நான் கேக்கலை, கஸ்டமர் ஆச்சே.

ரேஸ் அன்னிக்குக் காருக்குள்ளே காலை நீட்டி உக்காந்தார். பேண்ட்டு பின்னால டர்ர்ருன்னு கிழிஞ்சு போச்சு. அப்படியே ஓட்டிக் கடைசியா வந்தார். மறுநாள் காலைல நான் யூனிட்டைத் தொறக்கறதுக்குள்ளே போன். "ஏனுங்க மேடம், உங்க தையலாலதான் எனக்கு ரேஸே போச்சுங்க."

நாற்காலி கேட்ட பொண்ணு

கீர்த்தனா உடுமலைப்பேட்டைப் பொண்ணு, அப்பாவுக்குத் தேங்கா வியாபாரம். அளவு கொடுக்க வந்தவ நிக்க மாட்டேன்னுட்டா. நாற்காலியைச் சாய்ச்சுப் போடச் சொல்லி, காலை நீட்டி உக்காந்து, ஸ்டீரிங் பிடிக்கற மாதிரி ரெண்டு கையையும் நீட்டினா. "இப்ப எடுங்கக்கா. நான் நின்னுட்டா ஓட்டப்போறேன்?" பெல்ட் அழுத்தற எடத்துல தையல் வரக்கூடாதுன்னு தோள்ல விரலை வெச்சுக் காட்டினா. போன ரேஸ் ஏன் கைவிட்டுப் போச்சுன்னு கேட்டேன். காரைச் சொல்லலை, டயரைச் சொல்லலை. ஒரு வளைவுல தான் அவசரப்பட்டதைச் சொன்னா. எனக்கு அவளை அப்பவே புடிச்சுப் போச்சு.

எங்க டெய்லர் செல்வியக்கா விருதுநகர்ப் பக்கத்துக்காரங்க, எக்ஸ்போர்ட் கம்பெனியில பல வருஷம் தைச்சவங்க. எல்லாத்தையும் கேட்டுக்கிட்டிருந்துட்டு, அவ போனதும் என்னைப் பாத்தாங்க. "இம்புட்டு வேகமாப் போயி, கடைசில கெளம்புன எடத்துக்குத்தான வாராக?"

டீக்கடை லைட்டர்

சீசனோட கடைசி ரேஸ், கோயமுத்தூர்ல. கீர்த்தனா முதல் மூணு எடத்துக்குள்ளே வந்தா, அடுத்த வருஷம் ஒரு பெரிய டீம் அவளுக்குக் கார் கொடுக்கும். வரலைன்னா அப்பா காசுல இதுக்கு மேல முடியாது. புது பனியன்-பேண்ட் செட்டைக் கொடுக்க நானும் செல்வியக்காவும் நேர்லயே போயிருந்தோம். மணிக்கட்டுத் தையலைத் தடவிப் பாத்தவ, ஒரு பிசிறை உருவிக்கிட்டு, கேட்டுக்கு வெளியே டீக்கடையில லைட்டர் வாங்கிக் கொளுத்தினா. துணி தெரிஞ்ச நம்மூர்க்காரங்க எல்லாரும் செய்யறதுதான். கருகி உதிர வேண்டிய நூல் உருகி, உருண்டு, மணியா நின்னுச்சு. பாலியஸ்டர்! நெருப்பு பட்டா உருகித் தோலோட ஒட்டிக்கும்.

செல்வியக்காளைக் கேட்டா, கழுத்தும் கையும் தைக்கறப்ப நெருப்பு தாங்கற வெள்ளை நூல் தீந்துபோச்சாம். அதே நூல் கருப்புல இருந்திருக்குது. ஆனா எக்ஸ்போர்ட்ல பழகின கை வெள்ளைத் துணியில கலர் ஷேட் சேராமத் தைக்குமா? வெள்ளையில சாதா நூலைக் கோத்துட்டாங்க.

பழைய செட் உடுமலையில கீர்த்தனா ஊட்டுல கெடக்குது. அவளோட டீம் மேனேஜர் கத்தறார்: "மணிக்கட்டு நூலை எவன் பாக்கப்போறான்? க்வாலிஃபையிங் ஆரம்பிக்குது, போட்டுட்டு ஏறும்மா!" யார் முன்னால நிக்கறதுன்னு வரிசை பிரிக்கற அந்த ஓட்டத்துல ஓட்டலைன்னா ரேஸ்ல எல்லாருக்கும் பின்னால இருந்துதான் கெளம்பணும். அழுதுக்கிட்டிருந்த செல்வியக்கா முன்னால கீர்த்தனா தரையில சம்மணம் போட்டு உக்காந்தா. என் பையில ரிப்பேருக்கு வெச்சிருந்த, நெருப்பு தாங்கற அந்தக் கருப்பு நூலை எடுத்து அவங்க கையில கொடுத்தா. "பிரிச்சுத் தைங்கக்கா. நான் இங்கதான் இருக்கறேன்."

நாலாவது

கடைசியில கெளம்பினா. ஒவ்வொருத்தராத் தாண்டித் தாண்டி வந்தா பாருங்க, நான் வேலிக்கம்பியைப் புடிச்ச கையை எடுக்கவேயில்லை. கடைசிச் சுத்துல மூணாவது காரை ஒட்டி வந்துட்டா. வளைவுல அவன் வழியை அடைச்சான். இடிச்சுக்கிட்டுப் போயிருக்கலாம், போகலை. நாலாவதா வந்தா. பெரிய டீம்காரர் வந்து கையைக் குலுக்கினார், மூணாவதா வந்தவனுக்கு.

செல்வியக்கா என் முதுகுக்குப் பின்னால ஒளிஞ்சுக்கிட்டாங்க. "என்னாலதான தாயி"ன்னு அங்கிருந்தே விசும்பறாங்க. கீர்த்தனா தண்ணி குடிச்சா. கையைத் திருப்பி, கோணலும் மாணலுமா ஓடின கருப்புத் தையலைப் பாத்தா. அடுத்த வருஷத்துக்குக் காரே இல்லாத பொண்ணு பனியனுக்கு ஆர்டர் சொல்றா, எனக்கு அழுகையே வந்துடுச்சு. "செல்வியக்கா, அடுத்த செட்டையும் இந்தக் கருப்பு நூல்லயே தைங்க. நெருப்பு தாங்கற நூல்தான்னு பாத்ததும் தெரியோணுமுங்க."

பெரிய டிரைவர் யாருன்னு இன்னும் எனக்குச் சொல்லத் தெரியாது, ஆனா எல்லா செட்டுக்கும் கருப்பு நூலே போட ஆரம்பிச்ச பிறகு, ஷேட் சேரலைன்னு திருப்பி அனுப்பினது அந்த மில்லுக்காரர் ஒருத்தர்தானுங்க.