அக்காவின் மருந்துச் சாராயம்

என் அக்காவுக்குச் சாராயம் பேறுகால மருந்தோடு வந்தது. மதுவிலக்கு எங்கள் பக்கம் எட்டிப் பார்க்காத காலம். ராஜபாளையத்தில் அவள் வாழ்க்கைப்பட்ட வீட்டில், பிள்ளை பெற்ற உடம்புக்கென்று மருந்துருண்டையோடு ஒரு மடக்கு கொடுப்பார்கள். பிள்ளை எட்டாம் நாள் செத்தது. மருந்துருண்டையை நிறுத்தினார்கள், மடக்கை அவள் நிறுத்தவில்லை. நெல் கொட்டிவைக்கும் குலுக்கைக்குப் பின்னால் போத்தலை ஒளித்துக் குடித்தாள். ஒத்தாசைக்கென்று ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்து தங்கியிருந்த தங்கச்சி எனக்கு மட்டும்தான் அது தெரியும்.

அவள் புருஷன், என் அத்தான், குடிப்பது ஊருக்கே தெரியும். ஒரு தடவை காய்ச்சலில் கள்ளுக்கடைக்குப் போகாமல் நாலு நாள் கிடந்தவர், சுவரெல்லாம் எறும்பு ஊருது என்று கத்தினார். அவருடைய அம்மா அலட்டிக்கொள்ளவே இல்லை. "குடிக்காம கெடந்தா அப்பிடித்தான். ஒரு மடக்கு ஊத்திக் குடு, அடங்கிரும்" என்றாள். அக்காதான் ஊற்றிக் கொடுத்தாள். அடங்கிற்று.

நான் பெரிய புத்திசாலி அல்லவா? அக்காவைத் திருத்தப் போகிறேன் என்று போத்தலைக் கிணற்றடியில் கவிழ்த்தேன். மூன்றாம் நாள் அவள் கை நடுங்கியது. சுவரில் எறும்பு என்றாள். பிள்ளை அழுகுது என்று எழுந்து ஓடினாள். அத்தான் பார்த்த அதே எறும்புதான். ஆனால் மாமியார் இப்போது, "பேய் புடிச்சிருக்கு" என்று பேயோட்டும் கோடாங்கிக்கு ஆள் அனுப்பினாள்.

உச்சி வெயிலில் அவளை முற்றத்தில் உட்காரவைத்துக் கோடாங்கி உடுக்கை அடித்தான். பேய் தன் பேரைச் சொல்லும்வரை பிரம்படியாம். "யாரு நீ? பேரச் சொல்லு" என்று கேட்கக் கேட்க, அவள் தன் பேரையே சொன்னாள். சொன்ன ஒவ்வொரு தடவையும் அடி விழுந்தது.

நான் வாயைத் திறந்தால் அவள் வாழ்க்கை போய்விடும். திறக்காவிட்டால் உயிரே போய்விடும் போலிருந்தது. முதுகில் ரத்தம் கண்டதும் என்னால் பொறுக்க முடியவில்லை.

"பேயுமில்ல, பிசாசுமில்ல. அத்தானுக்கு வந்ததுதான் இவளுக்கும். குடிச்சுக்கிட்டிருந்தா, நாந்தான் நிறுத்துனேன். ஒரு மடக்கு ஊத்திக் குடுங்க" என்றேன்.

உடுக்கை நின்றது. ஒருவரும் ஊற்றவில்லை. அத்தான் எழுந்து வந்தார். கள்ளு வாடை என் முகத்தில் அடித்தது. "குடிக்கிற பொம்பள என் வீட்டுல இருக்கக் கூடாது. கூட்டிக்கிட்டுப் போ" என்றார்.

வண்டியில் வரும்போது, வழியில் நானே வாங்கி ஊற்றினேன். ஊர் நெருங்குகையில் நடுக்கம் குறைந்து, அக்கா என்னை அடையாளம் கண்டுகொண்டாள். நடந்ததை எல்லாம் சொன்னேன்.

"பேயின்னே விட்டிருக்கலாமேட்டி" என்றாள். "அடிச்சு ஓட்டிட்டு, என்னைய வீட்டுல வச்சிருப்பாகளே."