பல் பட்ட இடம்

என் வீட்டுக்காரர் பஸ் டிப்போவில் சீட்டு தைக்கிறவர். கிழிந்த ரெக்சினைப் பிரித்து, அமுங்கிப்போன ஸ்பாஞ்சை எடுத்துப் போட்டுவிட்டு, புதிதாக வெட்டி வைத்து, இழுத்துத் தைத்துக் கொடுப்பார். டிப்போவில் அவருக்குப் பெயர் மெத்தை. "மெத்தை வந்தாச்சா?", "மெத்தையைக் கேளு, அவனுக்குத் தெரியும்" என்றுதான் பேசுவார்கள். ஆள் என்னவோ எலும்பும் தோலும்தான். பக்கத்தில் உட்கார்ந்தால் முழங்கை குத்தும். அதனால்தான் அந்தப் பெயர் அவருக்கு இப்படி ஒட்டிக்கொண்டது என்று நினைக்கிறேன்.

சீட்டுக்கும் முதுகு சாய்கிற பலகைக்கும் நடுவே இருக்கிற இடுக்கில் என்னென்னவோ கிடைக்கும். சீப்பு, சாவி, குழந்தையின் செருப்பு, ஒற்றைத் தோடு. கிடைத்ததை அப்படியே ஆபீசில் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவார். ஒருமுறை ஒரு புகைக்குழாய், பைப் என்பார்களே, அது கிடைத்தது. அதைத் தேடிக்கொண்டு யாருமே வரவில்லை. அலமாரியில் தூசி படிந்து கிடந்ததை ஆபீஸ்காரரே எடுத்துக் கொடுத்துவிட்டார். "நீயே வச்சுக்க மெத்தை. இதை வாயில வச்சுக்கிட்டு வந்தா நாங்க எந்திரிச்சு நிப்போம்."

அப்படி வந்து சேர்ந்ததுதான் இந்தப் பழக்கம். பிறகு பழைய சாமான் விற்கிற தெருவுக்குப் போக ஆரம்பித்தார். துருப்பிடித்த பூட்டு, கைப்பிடி இல்லாத குடை, இதற்கெல்லாம் அடியில் ஏதாவது ஒரு பைப் கிடக்கும். கரி பிடித்து, எச்சில் காய்ந்து, பார்க்கவே அருவருப்பாக இருக்கும். அதைக் காகிதத்தில் சுற்றி, நகை வாங்கி வருகிற மாதிரி கொண்டு வருவார். புகைப்பதில் அவருக்கு அவ்வளவு ஆசை இல்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வாசல்படியில் உட்கார்ந்து ஒன்றே ஒன்று பற்றவைப்பார், அவ்வளவுதான். மற்றதெல்லாம் பார்ப்பதற்கு. புகையிலை போடுகிற கிண்ணம் ஏதோ ஒரு செடியின் வேரில் கடைந்ததாம். அதில் ஓடுகிற ரேகையை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். "பாரேன், தீ எரியற மாதிரி இல்ல?" என்பார். எனக்கு விறகு மாதிரிதான் தெரியும். ஆமாம் என்பேன். ஒரு மனிதர் இவ்வளவு சின்ன விஷயத்தில் சந்தோஷப்படுகிறாரே, கடவுள் கொடுத்தது என்று இருந்துவிடுவேன். மிச்சமான ரெக்சினை உள்ளே ஒட்டி, பலகையில் தாங்கி செய்து, வரிசையாக நிறுத்தி வைத்திருந்தார். என் தட்டுமுட்டுச் சாமான்கள்தான் கட்டிலுக்கு அடியில் போயின.

பழைய பைப்பைச் சுத்தம் செய்வதற்கு அவர் ஒரு முறை வைத்திருந்தார். வாயில் வைக்கிற கறுப்புத் தண்டு கெட்டி ரப்பர். முன்னே வைத்திருந்தவர் கடித்துக் கடித்து அதில் குழி விழுந்திருக்கும். தண்டை மட்டும் கழற்றி, கொதித்து இறக்கிய தண்ணீரில் போட்டு வைப்பார். குழி மெல்ல மெல்ல மேலே எழும்பி வந்து, தண்டு பழையபடி வழுவழு என்று ஆகிவிடும். முதல் தடவை பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்துப் போனது. "சாதாரண ரப்பர் இல்லடி இது. தன்னோட பழைய உருவம் அதுக்குத் தெரியும்" என்பார். அதன்பிறகு எண்ணெய்த் துணி. கடைசியாகக் கிண்ணத்துக்குள் இருக்கிற கரியை வளைந்த கத்தியால் சுரண்டுவார்.

அவருடைய தம்பியும் அதே டிப்போவில் டிரைவர். நாங்கள் சின்னவர் என்போம். இவர் பார்த்துப் பார்த்துச் சேர்த்ததில் நல்லதாக ஒன்றை எடுத்துத் தம்பிக்குக் கொடுத்தார். சின்னவர் புகைத்ததைவிடக் கடித்ததுதான் அதிகம். வண்டி நிற்கிற நேரமெல்லாம், பற்றவைக்காமலே, இடது பக்கக் கடைவாயில் அது இருக்கும்.

"டேய், பைப்புடா அது. எலும்புத் துண்டு இல்ல. இப்படியா கடிப்ப?"

"பல்லு இருக்கிறவன் கடிக்கிறான். உனக்கேன் எரியுது?"

"கொடு இங்க. வெந்நீர்ல போட்டுக் குழியை எடுத்துத் தர்றேன்."

"ஐயோ, ஆளை விடுண்ணா. இப்பதான் பல்லு தானா போய் அதுல உக்காருது. நீ இதைத் தொட்டே, நீ தைச்ச சீட்டு ஒண்ணு விடாம பிளேடு போட்டுடுவேன், பார்த்துக்க."

இரண்டு பேரும் சேர்ந்தால் இதே பேச்சுத்தான். நானும் சின்னவர் மனைவியும் அடுப்படியிலிருந்து கேட்டுச் சிரித்துக்கொண்டிருப்போம்.

சின்னவர் ஒரு நாள் வண்டியைக் கொண்டுவந்து டிப்போவில் நிறுத்தி, இன்ஜினை அணைத்துவிட்டு, இறங்கவே இல்லை. இருதயம் நின்றுவிட்டது என்றார்கள். சீட்டிலிருந்து தூக்கி இறக்கிய கைகளில் இவருடைய கையும் ஒன்று.

இவர் அழவில்லை. வீடு நிறைய ஆட்கள். சின்னவர் மனைவியைப் பிடித்து வைக்க முடியவில்லை. இவர் என்னடாவென்றால், ஆடுகிற நாற்காலியாகப் பார்த்துப் பார்த்து, காலுக்கு அடியில் காகிதம் மடித்து வைத்துக்கொண்டிருந்தார். "கல்லுப்பா அந்த மனுஷன்" என்று யாரோ சொன்னது எனக்கே கேட்டது. அவருக்கும் கேட்டிருக்கும். இன்னொரு நாற்காலியைத் தேடிப் போனார்.

லீவு கொடுத்தும் போடாமல் வேலைக்குப் போனார். அந்த டிரைவர் சீட்டைக் கழற்றி வெளியே வைத்துப் பார்த்துவிட்டு, "கிழிசல் ஒண்ணும் இல்ல" என்று சொல்லித் திரும்ப மாட்டிவிட்டாராம். வீட்டில் தட்டு வைத்தால் சாப்பிட்டார். வைக்காவிட்டால் கேட்கவில்லை. நான் ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து, "வாய்விட்டு அழுதுடுங்களேன்" என்றேன்.

"வர மாட்டேங்குது. பல்லு பிடுங்கறதுக்கு ஊசி போடுவாங்கள்ல? கன்னம் நம்ம கன்னம் மாதிரியே இருக்காது பாரு. அப்படி இருக்கு" என்றார்.

நான் தினமும் அவருக்காகப் பிரார்த்தனை செய்தேன். என்ன கேட்டேன் என்றால், இந்த மனிதருக்கு வலிக்கட்டும் என்று. இப்படி ஒன்றை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

டிப்போவில் கொடுத்த சின்னவரின் பையை, அவர் மனைவி திறக்கவே இல்லை. அப்படியே இவரிடம் கொடுத்தாள். "இதையெல்லாம் இப்ப என்னால பார்க்க முடியாது அத்தான். உங்ககிட்ட இருக்கட்டும்." உள்ளே ஒரு துண்டு, தண்ணீர் பாட்டில், மூக்குக் கண்ணாடி, அந்தப் பைப்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் பிரார்த்தனை முடிந்து வீட்டுக்கு வந்தேன். இவர் அடுப்புக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். ஒரு கையில் பைப்பின் கிண்ணம், இன்னொரு கையில் வளைந்த கத்தி. தட்டில் துணிமேல் தண்டுகள் காய்ந்துகொண்டிருந்தன.

"என்னங்க?"

"தண்டையெல்லாம் வெந்நீர்ல போட்டேன்."

"எப்பவும் போடறதுதானே."

"இதையும் போட்டுட்டேன்."

எடுத்துத் தடவிப் பார்த்தேன். கழுவிக் கவிழ்த்த தட்டு மாதிரி இருந்தது. பல் பட்ட குழி மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை.

"பைக்குள்ளருந்து எப்ப எடுத்தேன், எப்பக் கழட்டினேன், ஒண்ணும் தெரியல. கை பாட்டுக்குச் செஞ்சிருக்கு. கரியைச் சுரண்டலாம்னு கத்தியை உள்ள விட்டேன். அவன் புகையிலை வாசனை வந்துச்சு. அப்பதான் யாரோடதுன்னு தெரிஞ்சுது."

பக்கத்து வீட்டில் பால் பொங்கி வழிந்துவிட்டது என்று சொல்கிற மாதிரிச் சொன்னார். கத்தியைத் துடைத்து எடுத்து வைத்தார். தண்டையும் கிண்ணத்தையும் பொருத்தி, மற்றவற்றோடு சேர்க்காமல் தனியே மேஜைமேல் வைத்தார்.

அந்த வாரமே சின்னவர் மனைவி எனக்குப் போன் செய்தாள். "அக்கா, ஞாயித்துக்கிழமை வர்றேன். அந்தப் பைப்ப மட்டும் எடுத்து வைங்க. வேற எதுவும் எனக்கு வேணாம். அதுல அவர் பல்லு பட்ட இடம் இருக்குல்ல? பேசிட்டிருக்கும்போது எடுத்து அந்தக் குழியில நகத்தை வச்சு வச்சுப் பார்ப்பேன். எச்சில்டின்னு திட்டுவார். அதைத் தொட்டுப் பார்க்கணும்போல இருக்குக்கா. போட்டோவுல பார்த்தா எல்லாத்துலயும் வாயை மூடிட்டு நிக்கிறாரு."

சரிம்மா என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். வேறு என்ன சொல்ல வாய் வரும்?

இவரிடம் சொன்னேன். தலையை ஆட்டினார். ஞாயிற்றுக்கிழமை காலையில் எனக்கு நிலைகொள்ளவில்லை. குறுக்குப் புத்திதான், ஆனால் அவள் முகத்தை நினைத்துச் சொன்னேன். "ஏங்க, நீங்களே கடிச்சுடுங்களேன். அண்ணன் தம்பி பல்லுதானே. அவளுக்கு என்ன தெரியப் போகுது?"

அவர் பைப்பை எடுத்து வாயில் வைத்தார். இடது பக்கம் தள்ளினார். அப்படியே இருந்தார். பிறகு எடுத்துவிட்டார்.

"அவன் இந்தப் பக்கம் கடிப்பான். எனக்கு இந்தப் பக்கம் பல்லே இல்ல."

"நான் கடிக்கட்டுமா?"

என்னைப் பார்த்தார். வேறு நாளாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்போம். "ஒரு நாள்ல விழற குழியாடி அது?" என்றார். தண்டில் பட்ட எச்சிலைத் துடைத்து மேஜைமேல் வைத்தார்.

அவள் வந்தாள். இளைத்துப் போயிருந்தாள். உட்காருவதற்கு முன்னாலேயே இவர் சொல்லிவிட்டார்.

"தண்டை வெந்நீர்ல போட்டுட்டேன்மா. குழி போயிடுச்சு."

அவளுக்குப் புரியவில்லை. "எந்தக் குழி?"

"அவன் பல்லு."

அவள் மேஜைமேல் இருந்ததை எடுத்துப் பார்த்தாள். முகம் கறுத்தது. "ஏன் அத்தான்?"

"தெரியல."

"தெரியலன்னா?"

"கை பழக்கம். தெரியாம செஞ்சுட்டேன். உள்ள கரியைத் தொடல. அப்படியே இருக்கு. வாசனைகூட இருக்கு."

"வாசனை எனக்கெதுக்கு? தலகாணி, ஜன்னல் துணி, அவர் சட்டை, வீடு பூரா அதான். கதவைத் திறந்து போட்டுட்டு உக்காந்திருக்கேன். நான் கேட்டது அது இல்ல." குரல் உயர்ந்தது. "எல்லாரும் உங்களைக் கல்லுன்னாங்க. நான்தான் சண்டைக்குப் போனேன். எங்க அத்தான் அப்படி இல்லன்னு."

இவர் இரண்டு கையும் பக்கத்தில் தொங்க, வகுப்பில் நிறுத்தி வைத்த பிள்ளை மாதிரி நின்றுகொண்டிருந்தார். எங்கே பார்ப்பது என்று தெரியாமல் அவள் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் இவரையே பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். சாவு வீட்டில் அவள் யாருடைய முகத்தையும் பார்த்திருக்க மாட்டாள். இவர் முகத்தை அவள் சரியாகப் பார்த்தது அன்றைக்குத்தான் என்று எனக்குத் தோன்றியது.

பிறகு தண்டில் கட்டைவிரல் நகத்தை வைத்து இழுத்தாள். திருப்பி, மறுபடி இழுத்தாள்.

"இருக்கு" என்றாள்.

"இல்லம்மா."

"இருக்குங்கிறேன். கீழ்ப்பக்கம். லேசா."

"நான் விளக்கு வெளிச்சத்துல வச்சுப் பார்த்தேன். ஒண்ணும் இல்ல."

"ஊசி குத்திக் குத்திக் காய்ச்சுப்போன விரல் உங்களுது. அதுக்கு என்ன தெரியும்? நான் கட்டிக்கிட்டவ. எனக்குத் தெரியும்."

இவர் என் பக்கம் திரும்பினார். காலையில்கூட நான் தடவிப் பார்த்த தண்டுதான் அது. கடவுள் என்னை மன்னிக்கட்டும், ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

அவள் பைப்பைக் கைக்குட்டையில் சுற்றிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். டீ குடித்தாள். வீட்டு வாடகை, அவள் அம்மா உடம்பு என்று எதை எதையோ பேசினோம். இவர் அவளை பஸ் ஏற்றிவிட்டு வந்து, தாங்கியில் இருந்த மற்ற பைப்புகளைத் துணி போட்டு மூடினார். அடுத்து வந்த நாட்களும் அப்படியே போயின. வேலைக்குப் போனார், வந்தார், தூங்கினார்.

ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது போன் வந்தது. சின்னவர் மனைவிதான். "அத்தான்கிட்ட கொடுங்கக்கா, அந்தத் தண்டு பழுப்பா மாறுது" என்றாள். இவர் எச்சில் கையோடு போனை இடது கையில் வாங்கிக்கொண்டார்.

"ஜன்னல் பக்கம் வச்சிருக்கியா? வெயில் பட்டா அப்படித்தான் ஆகும். வெந்நீர்ல கிடந்ததாலயும் இருக்கும். பயப்படாத, ஒண்ணும் ஆகாது. பழைய பனியன் துணி இருக்கா? அதுல எண்ணெய் ஒரே ஒரு சொட்டு. தண்டுல நேரா ஊத்திடாத, துணியில விடு. பத்து நிமிஷம் ஊறட்டும், அப்புறம் காஞ்ச துணியால தேய். கிண்ணத்துல எண்ணெய் படக் கூடாது, கட்டை வாசனை கெட்டுடும். தண்டைக் கழட்டும்போது வெடுக்குனு இழுக்காத, திருகிக்கிட்டே எடு..."

சின்னவர் போனதிலிருந்து அவர் சேர்ந்தாற்போல இத்தனை வார்த்தை பேசி நான் கேட்கவில்லை. என் கை தட்டிலேயே நின்றுவிட்டது. அந்தப் பக்கம் அவள் ஏதோ கேட்டாள்.

"வாய் வைக்கிற இடமா?" என்றார். நிறுத்தினார். விரலில் ஒட்டியிருந்த சோறு காய ஆரம்பித்திருந்தது. "அங்க மெதுவா. மேல்பக்கம் தேய்ச்சுக்கோ. கீழ்ப்பக்கம் மட்டும் அழுத்தாதம்மா. அந்தக் குழி போயிடும்."

போனை என்னிடம் கொடுத்துவிட்டு, கை கழுவ எழுந்து போனார்.